உலோக வரிசை காலியாக இருந்த வீடு

ஊரில் பாதிப் பேருக்கு அவள் டீச்சர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. மின்சாதனக் கடையில் யாராவது கன்வெக்ஷன் மைக்ரோவேவ் ஓவன் வாங்கினால், மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் அதை எப்படி இயக்குவது, உள்ளே எந்தப் பாத்திரத்தை வைக்கலாம், எதை வைத்தால் அடுக்களை புகைமண்டலமாகும் என்று சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. சொன்னதோடு விட்டிருந்தால் அவள் வெறும் டெமோக்காரி. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். எதிரில் நிற்பவர் டாக்டராக இருந்தாலும் சரி, கப்பல் கேப்டனாக இருந்தாலும் சரி, ஒப்பிக்காமல் தப்பிக்க முடியாது. கடையில் பில் போடுகிறவள்தான் முதலில் கேலியாக "டீச்சர்" என்றாள். கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அவர் வாயில் மட்டும் கேலி இன்னும் தேயவில்லை.

வயது ஐம்பத்தொன்று. இந்த வேலைக்கு முன்னால் ஒன்பது வருஷம் அதே கடையின் மாடியில் பாத்திரப் பிரிவில் நின்றவள். கண்ணாடி, பீங்கான், மெலமைன் எல்லாம் அவள் விரலுக்கு அத்துப்படி. நகத்தால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், இது எது, எதைப் போல நடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆட்கள் வீட்டிலிருந்தபடியே போனில் பாத்திரம் வாங்க ஆரம்பித்ததும் மாடி ஈயடித்தது. பிரிவை மூடினார்கள். மற்றவர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிய நிர்வாகம், அவளை மட்டும் ஓவனோடு சேர்த்து வீடு வீடாக அனுப்பியது.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஓவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"மெஷின் எங்கயும் ஓடிப்போகாது. வீட்ல இருக்கிற பாத்திரத்தை எல்லாம் முதல்ல வெளிய எடுங்க" என்பாள்.

அடுக்களைத் தரையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, வந்த பாத்திரங்களை மூன்று வரிசையாகப் பிரிப்பாள். கண்ணாடியும் பீங்கானும் ஒன்று, பிளாஸ்டிக் ஒன்று, உலோகம் ஒன்று. பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள்.

"சூடு தாங்கும்னு அடியில போட்டிருக்கிற கண்ணாடி எல்லா மோடுக்கும் போகும். அதுக்காகச் சுடச்சுட எடுத்து ஈரத்துணி மேல வைக்காதீங்க, பட்டுனு விரிஞ்சிடும். பிளாஸ்டிக்ல மைக்ரோவேவ் குறி இருந்தா மைக்ரோவேவ்ல மட்டும். கன்வெக்ஷன்னா உள்ள அனல் காத்து சுத்தும், அதுல வச்சீங்கன்னா உருகி ஒழுகிடும், அப்புறம் உட்கார்ந்து சுரண்டுங்க. மெட்டல் கன்வெக்ஷன்ல மட்டும். மைக்ரோவேவ்ல வச்சா உள்ள வாணவேடிக்கைதான். காம்பினேஷன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதுல ரெண்டும் ஒண்ணா ஓடும். அதனால அங்க மெட்டலும் கிடையாது, பிளாஸ்டிக்கும் கிடையாது. எங்க, சொல்லுங்க பார்ப்போம்?"

சந்தேகமான பாத்திரத்துக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தாள். காலிப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் உள்ளே வைத்து ஒரு நிமிஷம் மைக்ரோவேவை ஓடவிடுவாள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் சாதாரணமாக இருந்தால் தேர்வு. தண்ணீர் பச்சையாகவே இருந்து பாத்திரம் கொதித்தால் தள்ளு. பீங்கான் வேஷம் போட்ட மெலமைன் தட்டுகள் எல்லாம் இதில்தான் கவிழ்ந்தன. உலோகம் கலந்த எதையும் இந்தப் பரீட்சைக்கே விடமாட்டாள். ஒரு வக்கீல் வீட்டில் தங்கக் கரை போட்ட பீங்கான் தட்டுகளை அவள் ஒதுக்கி வைத்ததும் அந்த மனிதர் வாதாட ஆரம்பித்துவிட்டார். "கோடுதானேம்மா? ஒரு கோடு எப்படி மெட்டல் ஆகும்?" என்று கேட்டார். "வச்சுப் பாருங்க சார். நான் வாசல்ல போய் நின்னுக்கறேன்" என்றாள் டீச்சர். வக்கீலின் மனைவி ஓடிவந்து தட்டுகளை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

இத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவள் வீட்டில் ஓவன் கிடையாது. ஏனென்று கேட்டால், "நாள் பூரா பார்த்த மூஞ்சியையே வீட்லயும் பார்க்கணுமா?" என்பாள்.

இனி அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு டெமோவுக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் பதினாலு கட்டங்கள். சொல்ல வேண்டிய பதினாலு விஷயங்களும் வரிசையாக அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல டிக் போட்டு, கடைசியில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இது சட்டம். நடைமுறை வேறு. கையில் மாவும் எண்ணெயுமாய் நிற்கிற ஒரு பெண்ணுக்குப் பாத்திரத்தைக் காட்டுவாளா, பேனாவைத் தேடுவாளா? எனவே டெமோ கொடுக்கிற ஐந்து பெண்களும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். போகிற பஸ்ஸிலேயே, பையை மடியில் வைத்து அதன்மேல் படிவத்தை வைத்து, பதினாலு டிக்கையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவார்கள். டீச்சரின் டிக்குகளைப் பார்த்தாலே தெரியும், மேடு பள்ளத்தில் பஸ் குலுங்கிய இடமெல்லாம் வால் நீண்டிருக்கும். இதில் அவளுக்கு உறுத்தல் எதுவும் இருந்ததில்லை. எப்படியும் பதினாலையும் சொல்லத்தான் போகிறாள், டிக் முன்னால் போனால் என்ன, பின்னால் வந்தால் என்ன?

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவள் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், காலையும் மாலையும் வண்டியில், நடுவில் வீட்டில். இந்தப் பெண்ணுக்குக் கேக் செய்து ஆர்டர் எடுக்க ஆசை. ஓவன் வாங்கியதே அதற்குத்தான். ஓவனை வாஷிங் மெஷின் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். "நல்லா இருக்கே! அது கீழே ஆடும், இது மேல ஆடும்" என்று சொல்லி, டீச்சர் முதல் வேலையாக அதை மேஜைக்கு இறக்கவைத்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இறக்கி வைத்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்திரத்தை எடுங்க கேக்கம்மா" என்றாள் டீச்சர்.

அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. ஒரு கேக்கூடச் செய்யாதவளுக்குக் கேக்கம்மா என்று பெயர் வந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் எடுத்து வைத்தது எல்லாமே கண்ணாடி. ஓவனுக்காகவே புதிதாக வாங்கிய கண்ணாடிப் பாத்திரங்கள், அடியில் சூடு தாங்கும் குறியோடு. இரண்டு பிளாஸ்டிக் டப்பா. அடுக்களைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால் எவர்சில்வர் சாமான், யாரோ கொடுத்த பழைய கேக் டின், அது இது எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரணில் இருந்தது. பேப்பரில் உலோக வரிசை காலி.

"அட, உங்க வீட்ல மெட்டலே இல்ல! என் வேலை பாதி மிச்சம்" என்றாள் டீச்சர்.

நிஜமாகவே மிச்சம் பண்ணினாள். பாத்திரத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் அவளுக்குப் பேச்சு வரும். கையில் இல்லாத பொருளைப் பற்றி நாக்கும் எழாது. கண்ணாடியைச் சொன்னாள், பிளாஸ்டிக்கைச் சொன்னாள். உலோகம் என்ற சொல்லே அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை. கேக்கம்மா ஒப்பித்தாள், இரண்டு முறை, ஒரு தப்பும் இல்லாமல். பிறகு டீ போட்டாள். குடித்துவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு டீச்சர் கிளம்பினாள். அரை மணி முன்னதாகவே பஸ் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு பொண்ணு, கற்பூரம் மாதிரி பிடிச்சுக்கிட்டா" என்று வீட்டுக்காரரிடம் சொன்னது வரைக்கும் அவளுக்கு ஞாபகமிருக்கிறது.

அந்த ஞாபகம் இவ்வளவு துல்லியமாக இருந்ததுதான் வினை. போன திங்கட்கிழமை மேனேஜர் போன் செய்தார்.

"டீச்சர், நீங்க போன வீடு ஒண்ணு. வேன் டிரைவர் வீடு. சனிக்கிழமை காம்பினேஷன் மோடுல அலுமினிய டின் வச்சிருக்காங்க. பொறி பறந்து உள்ளெல்லாம் கருகிப் போச்சாம். வாரண்டில மாத்திக் கொடுன்னு கேக்கறாங்க."

"யாருக்காவது அடி கிடி பட்டுச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள் டீச்சர்.

"அதெல்லாம் இல்ல. பயந்துட்டாங்க, அவ்வளவுதான். நம்ம பக்கம் க்ளீன். ஒன்பதாவது பாயின்ட்ல, காம்பினேஷன்ல மெட்டல் கூடாதுன்னு சொன்னதா டிக் இருக்கு, கீழ அந்தம்மா கையெழுத்தும் இருக்கு. வெள்ளிக்கிழமை மெக்கானிக் போறாரு. நீங்களும் கூடப் போய் 'நான் சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. ஃபைலை மூடிடலாம்."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னேன் என்றால் தப்பு வாடிக்கையாளர் தலையில். வாரண்டி கிடையாது, ஓவன் போனது போனதுதான். சொல்லவில்லை என்றால் கம்பெனி புது மெஷின் கொடுக்கும், டெமோ கொடுத்தவளை வீட்டுக்கு அனுப்பும். போன வருஷம் இதே மாதிரி ஒருத்தியை அனுப்பினார்கள். அவள் முப்பத்து நாலு வயதுக்காரி, வேறு கடையில் சேர்ந்துகொண்டாள். ஐம்பத்தொன்றை எந்தக் கடை வாவென்று கூப்பிடும்?

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கிடங்கில் மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டியவர். முழங்கால் போய், இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறார்.

"கையெழுத்துப் போட்டது யாரு? அவங்கதானே? படிச்சுப் பார்க்காம போட்டா நீ என்ன பண்ணுவே?" என்றார்.

"நான் சொல்லவே இல்லையே."

"சொல்லலன்னு உனக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணுக்கு மூணு மாசம் கழிச்சு ஞாபகமா இருக்கப்போகுது? அப்புறம் என்ன?" சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்ம வீட்ல அடுப்பு எரியறது உன் சம்பளத்துல. அதையும் யோசி" என்றார். இந்த முறை கேலி இல்லை.

அவள் யோசித்தாள். புதன், வியாழன் இரண்டு நாளும் வேறு நாலு வீடுகளுக்குப் போனாள். மூன்று வரிசையும் நிரம்பியிருந்தன. எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள். டிக்கை மட்டும் பஸ்ஸில் போடவில்லை. இதனால் நடந்துவிட்டது ஒன்றும் மாறப்போவதில்லை என்று அவளுக்கே தெரியும். மனசுக்குள் ஒரே ஒரு நப்பாசை ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் மெஷினைத் திறந்து பார்த்து, 'இது கம்பெனி கோளாறு, டின்னால் இல்லை' என்று சொல்லிவிட மாட்டாரா? அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. பொய்யும் வேண்டாம், உண்மையும் வேண்டாம், வேலையும் தங்கும். அவள் ஏமாளியில்லை, ஆனாலும் அந்த நப்பாசையைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமைவரை வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மெக்கானிக்கும் அவளும் மூன்று மாடி ஏறினார்கள். வேன் டிரைவர் வீட்டில் இருந்தார். அடுக்களை மேஜையில் ஓவன், அதன் பக்கத்தில் டின். வட்டமான அலுமினிய டின், விளிம்பில் ஓரிடத்தில் கடுகு அளவுக்குப் பொத்தல், சுற்றிலும் கறுப்பு. கேக்கம்மா ஃப்ரிட்ஜை ஒட்டி நின்றாள். டீச்சரைப் பார்த்து வாங்க என்றாள், டீ போடுகிறேன் என்றாள், ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஓவனைப் பிடித்து இறக்கிவிட்டுச் சிரித்த பெண் இவள்தானா என்று டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மெக்கானிக் திருப்புளியை எடுத்தார். மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, கருகிச் சுருண்ட ஒரு தகட்டை இடுக்கியால் எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்னும் ஆழமாகப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"டின்தாங்க. வேற எதுவும் இல்ல. முக்கியமான பார்ட்டே போயிடுச்சு."

நப்பாசை அதோடு தீர்ந்தது.

வேன் டிரைவர் படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கெட்ட மனிதர் இல்லை, கத்தவும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினார். அதுதான் சகிக்கவில்லை.

"இங்க பாருங்க, எல்லாம் டிக் போட்டுத் தெளிவா இருக்கு. உங்களை ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இவளுக்கு டிவி ரிமோட்டே தகராறு. இவளை நம்பி மெஷின் வாங்கினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். ஆறு நாளா சொல்லிட்டிருக்கேன், கேக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம், இருக்கிற வேலையைப் பார்த்தா போதும்னு."

மெக்கானிக் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

"சொல்லியிருப்பாங்க" என்றாள் கேக்கம்மா, ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தபடி. "டீச்சர் எல்லாத்தையும்தான் சொன்னாங்க. எனக்குத்தான் எது சொன்னாலும் மண்டைல நிக்காது. பரண்ல இருந்து டின்னை இறக்கினப்பவாவது ஞாபகம் வந்திருக்கணும்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். இவள் பொய் சொல்லவில்லை. விட்டுக் கொடுக்கவும் இல்லை. தனக்குச் சொல்லப்பட்டதாகவும் தான் மறந்துவிட்டதாகவும் நிஜமாகவே நம்புகிறாள். ஆறு நாளில் நம்ப வைத்துவிட்டார்கள். இரண்டு முறை ஒரு தப்பில்லாமல் ஒப்பித்தவள்!

மெக்கானிக் மேஜையோரத்தில் ரிப்போர்ட் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். "டீச்சர், ஒன்பதாவது பாயின்ட். காம்பினேஷன்ல மெட்டல் கூடாதுன்னு சொன்னீங்கல்ல? ஆமான்னு எழுதிக்கறேன்."

"சொல்லல."

பேனா நின்றது. "என்ன?"

"நான் சொல்லல. அன்னிக்கு இவங்க வீட்ல ஒரு மெட்டல் பாத்திரம்கூட வெளிய இல்ல. எல்லாம் பரண்ல இருந்துச்சு. வரிசை காலியா இருக்கேன்னு அந்தப் பேச்சையே எடுக்கல. டிக் போட்டது இங்க வச்சு இல்ல. வரும்போதே பஸ்ல போட்டேன்."

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். எத்தனையோ வீடுகளில் ஒன்றாகப் போய் வந்தவர்கள். "டீச்சர், யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா எழுதினதுதான். எனக்கு ஒண்ணும் காதுல விழல, இன்னொரு தடவை கேக்கறேன்..."

"விழுந்ததை எழுதுங்க" என்றாள் டீச்சர்.

அவர் எழுதினார். அவள் வேலை அந்த நிமிஷத்தில் போயிற்று. மறுநாள் மேனேஜர் போன் செய்து சொன்னது வெறும் சம்பிரதாயம்.

வேன் டிரைவர் படிவத்தையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, என்ன செய்வதென்று தெரியாமல். "அப்ப புது மெஷின் கிடைக்கும்ல? சரி, அது போதும்" என்றார் மெக்கானிக்கிடம்.

கேக்கம்மா ஃப்ரிட்ஜை விட்டு நகர்ந்து வந்தாள்.

"அப்போ தப்பு என் மேல இல்லையா?"

"இல்லம்மா" என்றாள் டீச்சர்.

"நான் மறக்கலையா?"

"சொன்னாத்தானே மறக்கறதுக்கு? நான் சொன்னதை எல்லாம் நீங்க அன்னிக்கே சரியா திருப்பிச் சொன்னீங்க."

அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா?" என்றாள். அவர் போனை எடுத்து மணி பார்த்தார். "அதான் புதுசு வரப்போகுதே, விடு" என்றார்.

"விடறதா?" என்றாள். அதற்குமேல் அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. மறுபடி டீச்சரிடமே வந்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

டீச்சர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நாலு நாளும் சொல்லலாமா வேண்டாமா என்று அல்லாடியவள், சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

"திங்கக்கிழமை. மேனேஜர் போன் பண்ணப்பவே தெரியும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமாம்மா."

"என் நம்பர் அந்தப் படிவத்துலயே இருக்கே. திங்கக்கிழமையே ஒரு போன் பண்ணியிருக்கலாமே. நாலு நாளா நான் இந்த வீட்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிட்டேன். நேத்து கண்ணாடிப் பாத்திரத்தை எல்லாம் பக்கத்து வீட்ல கொடுத்துட்டேன், எனக்கு இதெல்லாம் ஆகாதுன்னு."

சாக்குச் சொல்ல டீச்சரிடம் எத்தனையோ இருந்தன. வீட்டுக்காரர் முழங்கால், ஐம்பத்தொரு வயது, மூடிப்போன பாத்திரப் பிரிவு. எதையும் எடுக்கவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றாள்.

"எனக்கும்தான்" என்றாள் அந்தப் பெண்.

டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று மாடியும் இறங்கி முடிக்கும்வரை பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.